லிஸ்பன்: 1755 நவம்பர் 1க்கு முன்னும் பின்னும்

"லிஸ்பனில் மூன்று நாள் தங்கப் போகிறேன். மேற்கு ஐரோப்பாவின் மிகப் பழைய தலைநகரங்களில் ஒன்று என்று படித்தேன். ஆனால் படங்களில் பார்த்தால் நகரின் நடுப்பகுதி அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருக்கிறதே, பழைமை எங்கே? எதைப் பார்க்க வேண்டும், எதை விட்டுவிடலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஐயம் சரியான இடத்தில்தான் எழுந்திருக்கிறது. லிஸ்பனில் எந்தக் கட்டடத்தின் முன் நின்றாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பெரும் நிலநடுக்கம் ஊரைச் சிதைத்த 1755 நவம்பர் 1ஆம் தேதி காலையில் இது இங்கே இருந்ததா? இருந்தது என்றால் எப்படித் தப்பியது, இல்லை என்றால் இதற்கு முன் இங்கே என்ன நின்றது என்று விசாரித்துக்கொண்டே போனால், நகரத்தின் வரலாறு தானாகவே அடுக்கடுக்காகப் பிரிந்து தெரியும். வழிகாட்டி நூல்கள் பெலேம் பகுதியின் மடாலயத்தையும் கோபுரத்தையும் முதலில் நிறுத்துகின்றன. அவை பார்க்க வேண்டியவைதான். ஆனாலும் இந்த நகரத்தின் மிகப் பெரிய கட்டடக்கலைச் சாதனை, நீங்கள் "அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல்" என்று சொல்லி ஒதுக்கப் பார்க்கும் அந்த நடுப்பகுதிதான் என்பது என் கருத்து. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தேஜோ ஆறு அட்லாண்டிக் கடலில் கலப்பதற்குச் சற்று முன்பாக, கடல்போல அகன்று கிடக்கும் இடத்தின் வடகரையில், குன்றுகளும் பள்ளங்களுமாக அமைந்த ஊர் லிஸ்பன். பெருங்கப்பல்கள் ஒதுங்கி நிற்கத் தோதான இயற்கைத் துறைமுகம் என்பதால் பினீசிய வணிகர்கள் முதற்கொண்டு எல்லோரும் இங்கே வந்திருக்கிறார்கள். ரோமானியர் இதை ஒலிசிப்போ என்று அழைத்தனர். அவர்கள் காலத்து நாடக அரங்கின் எச்சங்கள் கோட்டைக் குன்றின் தென்சரிவில் இன்றும் உள்ளன. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முஸ்லிம்களின் ஆட்சி வந்தது. நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்த அந்த ஆட்சியின் நினைவு, கட்டடங்களைவிடப் பெயர்களிலும் தெருக்களின் போக்கிலும்தான் அதிகம் தங்கியிருக்கிறது. வெந்நீர் ஊற்றைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்த அல்ஃபாமா என்ற பகுதியின் பெயரே அதற்குச் சான்று.

1147ஆம் ஆண்டு, போர்ச்சுகலின் முதல் அரசரான அஃபோன்சோ என்ரிக்கஸ், எருசலேம் நோக்கிப் போய்க்கொண்டிருந்த வட ஐரோப்பியச் சிலுவைப் போர் வீரர்களின் துணையோடு இந்த ஊரை முற்றுகையிட்டார். ஜூலையில் தொடங்கிய முற்றுகை அக்டோபரில் முடிந்தது. மசூதி இருந்த இடத்தில் உடனே பேராலயம் எழும்பத் தொடங்கியது. 'சே' என்று அழைக்கப்படும் அந்தப் பேராலயத்தின் முகப்பைப் பார்த்தால், இரு பக்கமும் கொத்தளங்களை நிறுத்திய கோட்டைவாசல் போலத்தான் இருக்கும். பகைவர் மீண்டும் வரலாம் என்ற அச்சத்தோடு கட்டியவர்களின் கைவேலை அது. பேராலயத்தின் பின்புறத்து முற்றத்தைத் தோண்டியபோது பினீசிய, ரோமானிய, இஸ்லாமியக் காலத்து அடுக்குகள் ஒன்றன் கீழ் ஒன்றாக வெளிப்பட்டன. 13ஆம் நூற்றாண்டின் நடுவில், மூன்றாம் அஃபோன்சோவின் ஆட்சியில், அரசவை கோயிம்பிராவிலிருந்து இங்கே பெயர்ந்தது. அன்றிலிருந்துதான் லிஸ்பன் தலைநகரம்.

குன்றின் உச்சியில் தெரியும் புனித ஜார்ஜ் கோட்டையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தூரத்திலிருந்து பார்த்தால் இடைக்காலம் அப்படியே உறைந்து நிற்பதுபோல் தோன்றும். ஆனால் இப்போது காணப்படும் கொத்தளங்களிலும் மதில்முகப்புகளிலும் பெரும்பகுதி 1940ஐ ஒட்டி, சர்வாதிகாரி சலசாரின் ஆட்சி நடத்திய தேசிய விழாவுக்காகச் சீரமைத்து எழுப்பியவை. அடித்தளமும் சுவர்களின் ஒரு பகுதியும் பழையன, பொலிவு மட்டும் புதியது. நேரம் குறைவென்றால் கோட்டையின் உட்புறத்தை விட்டுவிடுங்கள். அதே காட்சியைக் கட்டணமில்லாமல் காட்டும் மேடைகள் அருகிலேயே இருக்கின்றன. அதற்குப் பதில் கோட்டைக்குக் கீழே அல்ஃபாமாவின் சந்துகளில் ஒரு மணி நேரம் நடக்கலாம். எதிரே வருபவருக்கு ஒதுங்கி வழிவிட வேண்டிய அகலம், திடீரென்று முளைக்கும் படிக்கட்டு, முட்டுச்சந்து என்று திட்டமில்லாமல் வளர்ந்த நகரம் அங்கேதான் மிஞ்சியிருக்கிறது. கடினமான பாறைத்தளத்தில் இருந்ததால் நிலநடுக்கத்தில் அந்தப் பகுதி ஓரளவு தப்பியது.

15ஆம் நூற்றாண்டின் இறுதியில் கதை ஆற்றங்கரைக்கு இறங்குகிறது. வாஸ்கோ ட காமா 1497 ஜூலையில் பெலேம் துறையிலிருந்து புறப்பட்டு 1498 மே மாதம் கோழிக்கோடு வந்து சேர்ந்தார். அவரை அனுப்பிய அரசர் மனுவேல், குன்றின்மேல் இருந்த அரண்மனையை விட்டுவிட்டு, கப்பல்கள் வந்து நிற்கும் ஆற்றங்கரையிலேயே புதிய அரண்மனை கட்டிக் குடிபுகுந்தார். கீழ்த்திசை வணிகத்தின் கணக்குவழக்கு முழுவதையும் நடத்திய 'இந்தியா மாளிகை' அந்த அரண்மனை வளாகத்திலேயே இருந்தது. ஓர் அரசர் தன் வாசலைச் சுங்கச்சாவடிக்கும் கப்பல்துறைக்கும் பக்கத்தில் வைத்துக்கொண்டார் என்பதிலிருந்தே அந்த நாட்டின் செல்வம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிடும். அந்த அரண்மனை இன்று இல்லை. அது இருந்த இடத்தில்தான் பெரிய சதுக்கம் இருக்கிறது. அதிகாரப்பூர்வப் பெயர் 'வணிகச் சதுக்கம்' ஆகி இரண்டரை நூற்றாண்டுகள் கடந்த பின்னும் ஊர்க்காரர்கள் அதை 'அரண்மனை முற்றம்' என்றே சொல்கிறார்கள்.

மனுவேல் கட்டியவற்றில் நின்று நிலைத்தது பெலேமில் உள்ள ஜெரோனிமோஸ் மடாலயம். 1501இல் வேலை தொடங்கியது. ஆப்பிரிக்காவிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த சரக்குகளின் மீது இருபதில் ஒரு பங்கு வரி விதித்து அதற்குச் செலவிட்டார்கள். தலைமைக் கட்டடக் கலைஞர்களாக முதலில் தியோகோ பொய்தாக்காவும் பின்னர் ஜுவாவ் த காஸ்தில்யோவும் இருந்தனர். லிஸ்பன் வட்டாரத்தில் கிடைக்கும் 'லியோஸ்' என்ற வெளிர்மஞ்சள் சுண்ணாம்புக்கல்லில், கயிறு முறுக்கு, முடிச்சு, பவளம், கடற்பாசி, அரசரின் சின்னமான வானியல் வளையக்கோளம் என்று கப்பல்துறையில் கண்ணில் பட்டதையெல்லாம் செதுக்கிவைத்திருக்கிறார்கள். இந்தப் பாணிக்கு 'மனுவேல் பாணி' என்ற பெயர் 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. அடிப்படையில் அது காத்திக் என்ற இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணியின் கடைசிக் கட்டம், அதன்மேல் ஏறிய அலங்காரம்தான் புதிது. ஆற்றை நோக்கிய தெற்கு வாசலில் நின்று அலங்காரத்தைப் பாருங்கள். ஆனால் உள்ளே போனதும் அலங்காரத்தை மறந்துவிட்டு மேலே பார்க்க வேண்டும். பனைமரம் உச்சியில் ஓலை விரிப்பதுபோல, மெலிந்த எண்கோணத் தூண்கள் சில, கல் நரம்புகளை விரித்து முழு விதானத்தையும் தாங்குகின்றன. நடுக்கூடமும் பக்கக்கூடங்களும் ஏறத்தாழ ஒரே உயரம் என்பதால் கூரை துண்டுபடாமல் ஒரே விரிப்பாகத் தெரிகிறது. இவ்வளவு மெலிந்த தூண்கள் 1755இன் அதிர்வைத் தாங்கி நின்றன என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்தக் கூரையின் மதிப்பு இன்னும் கூடும்.

பலரும் வாஸ்கோ ட காமாவின் கல்லறையையும் கவிஞர் கமோயென்ஸின் கல்லறையையும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அவை இரண்டும் 19ஆம் நூற்றாண்டில் செய்து வைத்தவை. பலிபீடம் இருக்கும் பகுதிவரை போனால், அரசர் மனுவேலின் கல்லறைப் பெட்டியையும் அவர் குடும்பத்தார் பெட்டிகளையும் முதுகில் சுமந்து நிற்கும் பளிங்கு யானைகளைக் காணலாம். 1570களின் தொடக்கத்தில் அமைத்த பகுதி அது. கோயில் அடிப்பீடத்தில் யானை வரிசையைப் பார்த்துப் பழகிய நமக்கு, ஐரோப்பிய அரசர் ஒருவரின் கல்லறைக்கு அடியில் யானை நிற்பதைப் பார்க்கும்போது சற்றுத் திகைப்பாகவே இருக்கும். பக்கவாட்டுச் சிறகில் இன்னோர் யானைக் கல்லறை, 1578இல் மொராக்கோவில் போர்க்களத்தில் மாண்ட இளம் அரசர் செபஸ்தியானுடையது. உள்ளே இருப்பது அவர் உடல்தானா என்பதில் அன்றே ஐயம் இருந்தது. கல்லறையில் பொறித்த இலத்தீன் வரியே "சொல்லப்படுவது உண்மையானால்" என்று ஒரு நிபந்தனையோடு அவரைக் குறிப்பிடுகிறது. வாரிசில்லாமல் அவர் இறந்ததால்தான் 1580இல் நாடு ஸ்பெயின் அரசரின் கைக்குப் போய், 1640 டிசம்பர் 1 வரை அங்கேயே இருந்தது.

மடாலயத்தின் மேற்குப் பக்கம் நீண்டு செல்லும் சிறகு பழையது அன்று. 1878இல் அங்கே கட்டிக்கொண்டிருந்த புதுக்கோபுரம் சரிந்து விழுந்தபின் எழுப்பியது. தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தின் இருப்பிடம் அந்தச் சிறகுதான். இங்கே தமிழருக்கு ஒரு நேர்த்தொடர்பு உண்டு. 1554இல் லிஸ்பனில் 'கார்த்தில்யா' என்ற சிறிய மறைக்கல்வி நூல் அச்சானது. தமிழ் வாசகங்களை ரோமன் எழுத்தில் அமைத்து, போர்த்துகீசியப் பொருளையும் சேர்த்து அச்சிட்டிருந்தார்கள். அச்சேறிய முதல் தமிழ் நூல் என்று அச்சு வரலாற்றாளர்கள் குறிப்பது இதைத்தான். தப்பிப் பிழைத்த பிரதி இந்த அருங்காட்சியகத் தொகுப்பைச் சேர்ந்தது. பார்வைக்கு வைத்திருப்பார்கள் என்று எண்ணிப் போய் ஏமாற வேண்டாம் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

மடாலயத்திலிருந்து ஆற்றோரமாக நடந்தால் பெலேம் கோபுரம் வரும். 1514க்கும் 1520க்கும் இடையில் பிரான்சிஸ்கோ த அருதா கட்டிய துறைமுகக் காவற்கோபுரம் இது. ஆற்றின் நடுவில் இருந்ததாகவும் நிலநடுக்கம் ஆற்றையே நகர்த்திவிட்டதாகவும் ஒரு கதை சொல்வார்கள். உண்மையில் கரையை ஒட்டிய பாறைத்திட்டில் கட்டினார்கள், கரைதான் பிற்காலத்தில் தெற்கே வளர்ந்து வந்தது. வடமேற்குக் காவல்மாடத்தின் அடியில், மழையிலும் உப்புக்காற்றிலும் தேய்ந்துபோன ஒரு விலங்குத்தலை துருத்திக்கொண்டிருக்கும். காண்டாமிருகம் அது. குஜராத் சுல்தான் முசாஃபர் கொடுத்தனுப்பிய காண்டாமிருகம் 1515 மே மாதம் உயிரோடு லிஸ்பனில் இறங்கியது. ரோமானியர் காலத்துக்குப் பின் ஐரோப்பா அப்படியொன்றைக் கண்டதில்லை. யானையும் காண்டாமிருகமும் பிறவிப்பகை என்று பழைய நூல்கள் சொன்னதைச் சோதிக்க அரசர் இரண்டையும் எதிரெதிரே நிறுத்தினார். யானை ஓடிவிட்டது. பின்னர் போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்பப்பட்ட காண்டாமிருகம், இத்தாலியக் கரைக்கு அருகே கப்பல் மூழ்கியதில் இறந்தது. அதை நேரில் பார்க்காமலேயே, கிடைத்த வரைபடத்தையும் கடிதத்தையும் வைத்துக்கொண்டு ஜெர்மானிய ஓவியர் ட்யூரர் செய்த மரச்செதுக்குப் படம்தான் அதன்பின் பல தலைமுறைகளுக்குக் காண்டாமிருகம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஐரோப்பாவுக்குக் கற்பித்தது.

ஸ்பானிய ஆட்சியையும் அதைத் தொடர்ந்த விடுதலைப் போரையும் விரைவாகக் கடந்துவிடலாம். 18ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் பிரேசில் தங்கம் வந்து குவிந்தது. அரசர் ஐந்தாம் ஜுவாவ் அதைச் செலவிட்ட விதத்துக்கு சான் ரோக் தேவாலயத்தில் உள்ள சிறிய பக்கச் சிற்றாலயம் ஒன்றே போதும். அதை ரோமில் 1740களில் கட்டி, போப்பாண்டவரின் கையால் ஆசீர்வாதம் பெற்று, பிறகு கல் கல்லாகக் கழற்றி, கப்பலேற்றி வந்து இங்கே மீண்டும் பொருத்தினார்கள். நீலக்கல்லும் அகேட்டும் பதித்த அதன் சுவர்களில் ஓவியங்கள் போலத் தெரிபவை தூரிகை படாதவை. அருகில் போய்ப் பார்த்தால் அத்தனையும் மொசைக் துணுக்குகள். இந்த ஆடம்பரத்துக்கு நேர்மாறாக, அதே அரசரின் காலத்தில் தொடங்கிய அகுவாஸ் லிவ்ரெஸ் நீர்வழிப் பாலம் ஊருக்கே தண்ணீர் தந்தது. அதன் செலவை அரண்மனைத் தங்கம் ஏற்கவில்லை. இறைச்சி, ஒயின், ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றின் மீது போட்ட வரி மூலமாக மக்களே கட்டினார்கள். அல்காந்தரா பள்ளத்தாக்கைக் கடக்கும் இடத்தில் 941 மீட்டர் நீளம், 35 வளைவுகள், நடுவில் உள்ள கூர்வளைவின் உயரம் ஏறக்குறைய 65 மீட்டர். 1748இல் தண்ணீர் வந்தது. ஏழே ஆண்டுகளில் வந்த சோதனையில் ஒரு வளைவும் விழவில்லை.

1755 நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாள். காலை ஒன்பதரை மணிக்கு மேல், தேவாலயங்கள் நிரம்பி, பீடங்களில் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்த நேரத்தில் நிலம் அதிர்ந்தது. அட்லாண்டிக் கடலடியில் எழுந்த அந்த நிலநடுக்கத்தின் அளவு 8.5க்கும் 9க்கும் இடையில் இருந்திருக்கலாம் என்று இன்றைய ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். இடிபாட்டிலிருந்து தப்பியவர்கள் திறந்தவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். ஆறு உள்வாங்கி அடித்தரை தெரிந்தது. முதல் அதிர்விலிருந்து சுமார் 40 நிமிடத்தில் ஆழிப்பேரலை வந்தது. 2004க்குப் பிறகு பிறந்தவரைத் தவிர எந்தத் தமிழ் வாசகருக்கும் அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. மெழுகுவர்த்திகளும் அடுப்புகளும் மூட்டிய தீ ஐந்தாறு நாள் எரிந்தது. லிஸ்பனில் மட்டும் 30,000 முதல் 40,000 பேர் இறந்ததாகப் பொதுவாகச் சொல்வார்கள். இதற்குக் குறைத்தும் கூட்டியும் மதிப்பிடுவோர் உண்டு. ஆற்றங்கரை அரண்மனை, அதன் நூலகம், கட்டித் திறந்து ஏழே மாதமான இசைநாடக அரங்கு, எல்லாம் போயின. அரசர் ஜோசே அன்று காலை பெலேமில் இருந்ததால் உயிர் தப்பினார். அதன்பிறகு கல் கட்டடத்துக்குள் வாழ மறுத்து, அஜுதா குன்றில் மரத்தால் ஆன 'அரச கொட்டகை'யிலேயே இறுதிவரை காலம் தள்ளினார்.

ஆட்சியை நடத்தியவர் பின்னாளில் பொம்பால் பிரபு என்று பட்டம் பெற்ற அமைச்சர் செபஸ்தியாவ் ஜோசே. அவர் ஒவ்வொரு தேவாலயப் பங்குக்கும் ஒரு கேள்விப்பட்டியல் அனுப்பினார்: அதிர்வு எவ்வளவு நேரம் நீடித்தது, எந்தத் திசையில் அதிகம் உணரப்பட்டது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா, எத்தனை பேர் இறந்தனர். கடவுளின் தண்டனை என்று மேடைதோறும் முழங்கிக்கொண்டிருந்த காலத்தில் இப்படிக் கேட்டதனால், நிலநடுக்கவியலின் தொடக்கத்தை இந்தப் பட்டியலிலிருந்து கணக்கிடுவோரும் இருக்கிறார்கள். தலைமைப் பொறியாளர் மனுவேல் த மாயா அப்போது எண்பது வயதை நெருங்கியவர். ஒரே மாதத்தில், டிசம்பர் தொடக்கத்திலேயே, தம் அறிக்கையின் முதற்பகுதியைக் கொடுத்துவிட்டார். பழையபடியே கட்டலாம், தெருக்களை மட்டும் அகலப்படுத்தலாம், உயரத்தையும் குறைக்கலாம், நடுப்பகுதியை முற்றிலும் தரைமட்டமாக்கிப் புதிதாக வகுக்கலாம், இல்லையென்றால் ஊரையே விட்டுவிட்டு பெலேம் பக்கம் போய்விடலாம் என்று ஐந்து வழிகளை வைத்தார். நான்காவது வழி தேர்வானது. வரைபடம் போட்டவர் யூஜெனியோ தோஸ் சாந்தோஸ், அவருக்குப் பின் வேலையைத் தொடர்ந்தவர் ஹங்கேரியில் பிறந்த கார்லோஸ் மார்டெல்.

இப்போது உங்கள் கோடு போட்ட நடுப்பகுதிக்கு வருவோம். பைஷா என்ற அந்தப் பகுதியின் வீடுகள் வெளியிலிருந்து பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். நான்கைந்து மாடிகள், வரிசை தவறாத ஜன்னல்கள், அலங்காரம் என்று ஏதுமில்லை. (ஜன்னல் என்ற சொல்லே போர்த்துகீசிய 'ஜனேலா'விலிருந்து வந்ததுதான். சாவியும் மேசையும் அப்படியே.) சூட்சுமம் சுவருக்குள்ளே இருக்கிறது. தரைத்தளத்தில் கல் தூண்களும் வளைவுக் கூரையும். கீழே கடையில் தீப்பிடித்தால் மேலே பரவக் கூடாது என்பது அதன் நோக்கம். முதல் மாடியிலிருந்து மேலே, வீடு முழுவதும் ஒரே மரக்கூண்டாகப் பின்னப்பட்டிருக்கிறது. 'கயோலா' என்ற அதன் பெயருக்கே கூண்டு என்றுதான் பொருள். உட்சுவர்களில் நிமிர்ந்த கட்டைகளையும் கிடைக்கட்டைகளையும் பொருத்தி, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பெருக்கல்குறி போலக் குறுக்குக் கட்டைகளை இணைத்து, இடைவெளியைச் செங்கல்லாலும் கல்துண்டுகளாலும் அடைத்துப் பூசிவிட்டார்கள். கல் இழுவிசையைத் தாங்காது, மரம் தாங்கும். நிலம் ஆடும்போது கூண்டு தானும் நெளிந்து அதிர்வை உள்வாங்கிக்கொள்ளும். வெளிச்சுவர் பெயர்ந்து விழுந்தாலும் தளங்கள் கூண்டில் தொங்கிக்கொண்டு நிற்கும், உள்ளே இருப்பவர் பிழைத்துக்கொள்வார். மாதிரிக் கூண்டு ஒன்றைச் சதுக்கத்தில் நிறுத்தி, அதைச் சுற்றிப் படைவீரர்களை அணிவகுத்து மிதிக்கச் சொல்லிச் சோதித்தார்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. நிலநடுக்கத்தை எண்ணியே ஒரு நகரத்தின் நடுப்பகுதி முழுவதையும் ஒரே முறையில் கட்டியது ஐரோப்பாவில் அதுவே முதல் தடவை என்று பொதுவாகச் சொல்வார்கள்.

வீடுகளுக்கு இடையே கூரையைத் தாண்டி எழும் தீத்தடுப்புச் சுவர்களை மேலிருந்து பார்த்தால் அடையாளம் காணலாம். கதவு, ஜன்னல் சட்டக் கற்களையும் கட்டைகளையும் முன்கூட்டியே ஒரே அளவில் அறுத்துக் கொண்டுவந்ததால் வேலை விரைவாக நடந்தது. பிரபுக்களின் மாளிகைக்கும் தேவாலயத்துக்கும்கூட வரிசையைவிட்டு எழுந்து நிற்க உரிமை இல்லை. அந்தத் தெருக்களில் கோபுரமில்லாமல் மற்ற முகப்புகளோடு ஒட்டி நிற்கும் ஆலயங்களைத் தேடிப் பாருங்கள். தெருக்களைத் தொழிலின் பெயரால் பிரித்தார்கள். பொற்கொல்லர், வெள்ளிவேலைக்காரர், செருப்புத் தைப்போர், சேணம் செய்வோர் ஆகியோரின் தெருப்பெயர்கள் இன்றும் பலகையில் இருக்கின்றன, தொழில்கள்தாம் இல்லை. சில வீட்டு வாசலுக்குமேல், நிலநடுக்கத்திலிருந்தும் தீயிலிருந்தும் காக்க வேண்டிப் புனிதர் உருவம் பொறித்த சிறு ஓட்டுப்பலகை இருக்கும். கூண்டின்மேல் நம்பிக்கை வைத்தவர்களும் ஒரு கைகாவலுக்கு அதையும் பதித்துக்கொண்டார்கள்.

இந்தக் கட்டுமானத்தை நேரில் பார்க்க ஓர் இடம் உண்டு. கொர்ரேய்ரோஸ் தெருவில் ஒரு வங்கிக் கட்டடத்தின் அடியில் தொல்லியல் அகழ்விடம் ஒன்றை வழிகாட்டியோடு சுற்றிக் காட்டுகிறார்கள். ரோமானியர் மீனைக் கருவாடாக்கவும் மீன்சாறு நொதிக்கவிடவும் கட்டிய தொட்டிகள் அங்கே வரிசையாக இருக்கும். அவற்றுக்கு இடையிலேயே பொம்பால் காலத்தில் அடித்து இறக்கிய பைன்மரக் கழிகளின் தலைகளும் தெரியும். பைஷா முழுவதும் ஈரமான வண்டல்மண். ஆகவே கழிகளை நெருக்கமாக அடித்து அவற்றின்மீது வீடுகளை நிறுத்தினார்கள். நிலத்தடி நீரில் மூழ்கியிருக்கும்வரை அந்த மரம் மக்காது, நீர்மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டால்தான் ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து மனிதர் செய்தது. கடைக்கும் மின்தூக்கிக்கும் இடம் வேண்டி, பிற்காலத்தில் பல வீடுகளில் கூண்டின் கட்டைகளையே அறுத்துவிட்டார்கள்.

தெருக்கள் எல்லாம் வந்து முடியும் வணிகச் சதுக்கத்தில் மூன்று பக்கம் வளைவு நடைக்கூடம், நான்காம் பக்கம் ஆறு. நடுவில் குதிரைமேல் இருக்கும் அரசர் ஜோசேயின் வெண்கலச் சிலை, 1775இல் திறந்தது. சிற்பி மச்சாதோ த காஸ்த்ரோ. வெற்றி வளைவு நூறாண்டு தாமதமாக, 1870களில்தான் முடிந்தது. 1908 பிப்ரவரி 1 அன்று அரசர் கார்லோசும் பட்டத்து இளவரசரும் சுட்டுக் கொல்லப்பட்டது இந்தச் சதுக்கத்தின் மேற்கு மூலையில். இரண்டே ஆண்டில் முடியாட்சி முடிந்துபோனது.

அழிவை அழிவாகவே விட்டுவைத்த இடங்கள் இரண்டு. 1389இல் தளபதி நூனோ ஆல்வரஸ் பெரேய்ரா நிறுவிய கார்மோ மடாலயத்தின் ஆலயம் இன்றும் கூரையில்லாமல் நிற்கிறது. வளைவுகள் மட்டும் எலும்புக்கூடுபோல் வானத்தைத் தாங்க, கீழே புல்தரை. அதன் வாசலில் உள்ள சிறு சதுக்கத்தில்தான் 1974 ஏப்ரல் 25 அன்று, பக்கத்துப் படைமுகாமில் ஒளிந்திருந்த பிரதமர் கய்த்தானோ சரணடைய, நாற்பதாண்டுக்கு மேற்பட்ட சர்வாதிகாரம் முடிந்தது. மற்றது ரோசியூ சதுக்கத்துக்கு அருகில் உள்ள சாவ் தொமிங்கோஸ் தேவாலயம். பலர் இதைத் தவறவிடுகிறார்கள், நீங்கள் விட்டுவிட வேண்டாம். 1506இல் மதம் மாற்றப்பட்ட யூதர்களின் மீதான படுகொலை இந்த ஆலயத்தில்தான் மூண்டது. வெளியே அதற்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1755இல் இடிந்து, மீண்டும் கட்டி, 1959இல் தீக்கிரையானது. மறுபடி திறந்தபோது கூரையை மட்டும் புதுப்பித்துச் செந்நிறம் பூசிவிட்டு, தூண்களைத் தொடாமல் விட்டார்கள். வெப்பத்தில் வெடித்துச் செதில் செதிலாகப் பெயர்ந்த அந்தத் தூண்களுக்கு இடையே இன்றும் அன்றாட வழிபாடு நடக்கிறது.

பிற்காலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1682இல் தொடங்கிய சாந்தா எங்கிராசியா ஆலயத்தின் குவிமாடம் 1966இல்தான் முடிந்தது. முடிவே காணாத வேலையைப் போர்த்துகீசியர் 'சாந்தா எங்கிராசியா வேலை' என்பார்கள். நம் ஊர்ப் பாலங்களுக்கும் பொருந்தும். வீடுகளின் வெளிச்சுவரில் பளபளக்கும் அசுலேஜு ஓடுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1902இல் திறந்த 45 மீட்டர் உயர இரும்பு மின்தூக்கியான சாந்தா ஜூஸ்தாவுக்கு நீண்ட வரிசையில் நிற்பதைவிட, கார்மோ பக்கமாக நடந்து போய் மேலிருந்து பார்ப்பது நல்லது. குன்றேறும் கம்பிவடப் பெட்டிகளில் ஒன்றான குளோரியா 2025 செப்டம்பர் 3 அன்று விபத்துக்குள்ளாகி 16 பேர் இறந்தார்கள். ஆகவே அவற்றில் எவை ஓடுகின்றன என்று அப்போதைய நிலையை விசாரித்துக்கொள்ளுங்கள்.

வரிசை கேட்டீர்கள். முதல் நாள் வணிகச் சதுக்கத்தில் தொடங்கி, பைஷா, வங்கிக்கு அடியிலுள்ள அகழ்விடம், சாவ் தொமிங்கோஸ், கார்மோ, சான் ரோக். அகழ்விடத்துக்கு முன்பதிவு தேவைப்படலாம். இரண்டாம் நாள் காலையிலேயே பெலேம், திரும்பும்போது நேரமிருந்தால் நீர்வழிப் பாலம். மூன்றாம் நாள் சே, அல்ஃபாமா, சாந்தா எங்கிராசியா. வெள்ளைக்கல்லும் கறுப்புக்கல்லும் பதித்த நடைபாதைகள் மழை பெய்தால் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும், பிடிப்புள்ள செருப்பு அவசியம். கடைசியாக, கிழக்கே மத்ரே த தேயுஸ் கான்வென்ட்டில் உள்ள தேசிய ஓட்டுக்கலை அருங்காட்சியகம், திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போகவும். அங்கே 1700ஐ ஒட்டிச் செய்த, சுமார் 23 மீட்டர் நீளமுள்ள நீலவெள்ளை ஓட்டுச் சித்திரம் ஒன்று ஆற்றிலிருந்து தெரியும் லிஸ்பனை முழுவதுமாகக் காட்டுகிறது. முதல் நாள் நீங்கள் நின்ற சதுக்கத்தை அதில் தேடிக் கண்டுபிடியுங்கள். மனுவேலின் அரண்மனை அங்கே ஆற்றங்கரையில் முழுதாக நின்றுகொண்டிருக்கும்.